தருமமா, தோழமையா?

ஒருவர்க்கு உதவுதல் வேறு. அவரோடு உடன் நிற்றல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தைத் தோட்டக் கிராணியாகிய யான் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் கற்றேன். கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று, ஆயினும் எழுதுகிறேன்.

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவரின் மகள் அவள். பிறவியிலேயே மூளை வாதம் கண்டவள். கைகால்கள் அவள் எண்ணியவாறு இயங்கமாட்டா. சொல் தெளிந்து வெளிவராது. தந்தையார் மாதந்தோறும் சம்பளச் சீட்டு வாங்க ஆபீசுக்கு வரும்போதெல்லாம், "பிள்ளைக்கு ஏதேனும் வாங்கிக் கொடுங்கள், அண்ணே" என்று பத்து வெள்ளி கொடுப்பது என் வழக்கம். கொடுத்த அன்று இரவு நல்ல உறக்கம் வரும். ஒருநாள் அவர் அந்நோட்டை மேசைமேல் திருப்பி வைத்தார்.

"பணம் இருக்கட்டும், கிராணி ஐயா. இவளைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் எங்கேயாவது ஒன்றாய்க் கூடுகிறார்களா? அதை விசாரித்துச் சொன்னால் போதும்."

எனக்கு விடை தெரியவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் யார், பந்தாட்டக் குழுவின் செயலாளர் யார், மரண சகாய நிதிக்குச் சந்தா எவ்வளவு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆங்கிலம் கற்றவன், அரசாங்கக் கடிதங்களைப் படித்து விளக்குபவன். ஆயினும் அம்மனிதர் கேட்ட ஒன்றை அறிந்திலேன். ஏன்? தருமம் செய்பவனுக்கு அந்த அறிவு வேண்டுவதில்லை. காசு கைமாறியதும் அவன் கடமை தீர்ந்துவிடுகிறது. "முற்பிறப்பின் வினை" என்று பெற்றோர் காதுபடப் பேசும் கிழவிக்கும், பத்து வெள்ளி நீட்டிய எனக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் அப்பிள்ளையின் வாழ்வை முடிந்துபோன கணக்காகவே எண்ணினோம்.

நிற்க. விசாரிக்கத் தொடங்கினேன். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும் என்றார்கள். அதற்கு மருத்துவர் உறுதி செய்த படிவம் வேண்டும். பதிவு செய்தோர்க்கு ஓர் அட்டை தருவர். உதவித்தொகை முதலியன கேட்பதற்கு அவ்வட்டையே வாயில். இவ்வளவும் காகித வேலை. என் தொழிலே அதுவாகையால் எளிதில் முடிந்தது. ஆனால் அவர் கேட்டது அட்டையன்று, மனிதர்களை. அம்மனிதர்களைக் கண்டது எந்த அலுவலகத்திலும் அன்று; அரசாங்க மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பகுதிக்கு வெளியே கிடந்த விசிப்பலகையில். அங்கே முறைக்காகக் காத்திருந்த தாய்மார்கள், எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், எந்த நாற்காலி மழையில் துருப்பிடிக்கும், எந்த அதிகாரி பொறுமையாகக் கேட்பார் என்பவற்றையெல்லாம் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரே நகரத்துப் பெற்றோர் குழுவுக்கு வழி காட்டினார். எங்கள் வட்டாரத்துச் சமூக மறுவாழ்வு நிலையத்தைப் பற்றியும் அவர் சொல்லியே அறிந்தோம். பி.டி.கே. என்று மலாயில் சுருக்கி வழங்கும் இந்நிலையங்கள் 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கியவை. பிள்ளையைத் தொலைவிலுள்ள இல்லத்துக்கு அனுப்பாமல், வீட்டருகிலேயே, ஊராரையும் பெற்றோரையும் கொண்டே பழக்குவது அவற்றின் நோக்கம்.

நம் நாட்டில் இத்தகைய பணி புதிதன்று. பார்வையற்றோர்க்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தோன்றிப் பின்னர்ப் பினாங்குக்குப் பெயர்ந்தது. மலாயாப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் எழுந்தது. நம்மவர் நன்கறிந்த பிரிக்பீல்ட்சில் அதன் இருப்பிடம். இவற்றை நிறுவியோர் நல்லோர், ஐயமில்லை. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஊனமுற்றோர் பொருட்டுப் பிறர் நடத்தும் சங்கமும், ஊனமுற்றோர் தாமே நடத்தும் சங்கமும் ஒன்றாகுமா?

இக்கேள்வி 1980இல் உலக மேடையில் எழுந்தது. கனடாவின் வின்னிப்பெக் நகரில் மறுவாழ்வுத் துறையினரின் உலக மாநாடு கூடிற்று. முடிவு செய்யும் அவையில் பாதிப்பேராவது ஊனமுற்றோராய் இருத்தல் வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. மாநாடு அதை ஏற்கவில்லை. அவர்களைப் பற்றியே ஆயுட்காலமெல்லாம் பேசிய வல்லுநர்கள், அவர்களோடு சமமாய் அமர்ந்து பேச இசையவில்லை! அங்கிருந்த ஊனமுற்றோர் தமக்கென ஓர் அமைப்புக் காண முடிவு செய்தனர். மறு ஆண்டு, 1981இல், அவ்வமைப்பு சிங்கப்பூரில் நிறுவப்பெற்றது. அதன் முதல் தலைவர் ரான் சந்திரன் டட்லி; பார்வையிழந்த சிங்கப்பூரர். நம் வாசலுக்கு அருகே நடந்த இச்செய்தியை நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

2008இல் மலேசியாவில் ஊனமுற்றோர்க்கென ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்வி, வேலை, போக்குவரத்து யாவற்றிலும் சமவாய்ப்பு வேண்டும் என்றது. மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கவில்லை. அரசாங்கத்தின்மேல் வழக்காடவும் இடந்தரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று உரக்கச் சொன்னோர், அச்சுரைக்காயை உண்டு வாழவேண்டியவர்களே.

இனி என் பிழைக்கு வருகிறேன். தாயார் முதுகு வலியால் வருந்தினார். மகளைத் தூக்க இயலவில்லை. தொலைவில் ஓர் இல்லம் பிள்ளைகளைத் தங்கவைத்துக் காக்கிறது என்று கேள்வியுற்றோம். தந்தையாரும் யானும் ஆபீசில் அமர்ந்து விண்ணப்பம் எழுதினோம். அவள் அருகில் நாற்காலியில் இருந்தாள். படிவத்தின் கேள்விகளை யான் வாசித்தேன். அவர் விடை கூறினார். நடுவில் அவள் அலறினாள். அது நோயின் குணம் என்றெண்ணித் தண்ணீர் கொடுத்துவிட்டு மேலே எழுதினோம்.

அடுத்த ஞாயிறு பெற்றோர் குழுவுக்குச் சென்றோம். சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி வந்திருந்தார். எங்களை நோக்காமல் சிறுமியிடமே நேராகச் சென்று, "ஆம் என்றால் மேலே பார், இல்லை என்றால் கண்ணை மூடு" என்றார். அவள் உடனே மேலே பார்த்தாள். இல்லத்துக்குப் போக விருப்பமா? கண்ணை இறுக மூடினாள். வீட்டிலேயே இருக்கவா? சற்றுத் தயங்கி, அதற்கும் மூடினாள். பள்ளிக்கா? மேலே பார்த்தாள், பார்த்தது பார்த்தபடியே இருந்தாள்.

பதினோராண்டுகளில் அவளை ஒரு கேள்வி கேட்டவர் அவரே. பெற்றவருக்குத் தோன்றவில்லை, படித்தவனுக்கும் தோன்றவில்லை. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கை, ஊனமுற்றோரைப் பற்றி முடிவு செய்யும்போது அவர்களையும், அவர்களுள் குழந்தைகளையும் கலந்துகொள்ள வேண்டும் என்று அரசுகளைப் பணிக்கிறது. மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் அதற்கு உறுதியளித்தன. அரசுக்கு விதித்தது கிராணிக்கு விலக்காகுமா?

இதில் ஓர் இடர் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. தாயின் முதுகு வலியும் மெய். மகளின் விருப்பமும் மெய். பிள்ளைக்காகப் பெற்றோர் பேசுவது அன்பு. ஆனால் அவர்தம் களைப்பும் அக்குரலில் கலந்தே வரும். ஆதலின் பெற்றோர் கூடுமிடம் ஒன்றும், பிள்ளை தன் குரலைத் தானே கண்டெடுக்குமிடம் ஒன்றும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இரண்டும் முரண்படும் நாளில் எதைக் கேட்பது என்று என்னைக் கேட்டால், முதலில் பிள்ளையைக் கேட்பேன்; கேட்டபின் தாய்க்கு ஆள்துணை தேடுவேன்.

விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டோம். எக்குழந்தையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்று கல்வி அமைச்சு 2019இல் வகுத்த கொள்கையைக் குறிப்பிட்டு, வேறொரு கடிதம் எழுதினேன். இம்முறை ஒவ்வொரு வரியையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டிடத்தில் கண்ணை மூடினாள், திருத்தினேன். பள்ளியிலிருந்து இன்னும் பதில் இல்லை. மாதம் ஒருமுறை நினைவூட்டுகிறேன். மறுவாழ்வு நிலையத்துக்கு வாரம் மூன்று நாள் போகிறாள். அந்நாட்களில் தாயார்க்குச் சற்று ஓய்வு.

மாதத்தில் இரண்டு ஞாயிறு தோட்டத்து வேன் பெற்றோர் குழுவுக்குப் புறப்படுகிறது. இப்போது மூன்று குடும்பங்கள் ஏறுகின்றன. கடைசி லயத்தில் நான்காவது குடும்பம் ஒன்றுண்டு. அவ்வீட்டுச் சன்னல் பகலிலும் சாத்தியே இருக்கும். இருமுறை கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. வரும் ஞாயிறு யான் போகப் போவதில்லை. அச்சிறுமியும் அவள் தந்தையாரும் போகிறார்கள்.