செய்தவரும் செய்வித்தவரும்

அறச்செயல் ஒன்று நிகழ்கின்றது. அதன் பயன் யாரைச் சேரும்? கொடுத்த கையையா, கொடுக்குமாறு ஏற்பாடு செய்த உள்ளத்தையா, அதனைக் கண்டு மகிழ்ந்த கண்களையா? இவ்வினாவுக்கு நம் முன்னோர் தெளிவாகவே விடை கூறிச் சென்றுள்ளனர். ஆயினும் அவ்விடையை ஏட்டில் படிக்கும் நாம் வாழ்க்கையில் மறந்துவிடுகிறோம். அவ்வாறு நாமே மறந்து பிழை செய்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறி, அதன் வாயிலாகச் சில கருத்துகளை வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

திண்ணைப் பள்ளி

கொரோனா பெருந்தொற்றினால் 2020 மார்ச்சு மாதம் மூடப்பட்ட நம் மாநிலத் தொடக்கப் பள்ளிகள், 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறக்கப்பெற்றன. ஏறத்தாழ 19 மாதங்கள்! ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, வகுப்பறையைக் காணாமலேயே இரண்டாம் வகுப்புக்கு உயர்ந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கைபேசி வழியே ஓரளவு கற்றனர். கூலி வேலைக்குச் செல்வோர் வீட்டிலோ இருப்பது ஒரே கைபேசி. அதுவும் பகல் முழுவதும் தந்தையின் சட்டைப் பையில் இருக்கும். அப்பிள்ளைகள் கற்றிருந்த எழுத்துகளையும் மறந்தனர்.

இவ்விழப்பை ஈடு செய்வதற்காகத் தமிழக அரசு 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கண் எடுத்துக்கொள்ளப்பட்ட 12 மாவட்டங்களுள் நம் காஞ்சிபுரமும் ஒன்று. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில், அவர்கள் வாழும் தெருவிலேயே, ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவர் என்ற அளவில் தன்னார்வலர்கள் பாடம் கற்பித்தனர். பின்னர் அவர்கள் தொகை இரண்டு இலட்சத்தை எட்டியது. பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. அதனை ஊதியம் என்று சொல்ல இயலாது.

இத்துணைப் பேரைத் தேர்ந்து, பயிற்சி தந்து, இடம் காட்டி, ஊக்கம் குன்றாமல் காத்தவர் யார்? பள்ளிப் பணியிலிருந்து ஒருங்கிணைப்பாளர்களாக அனுப்பப்பெற்ற ஆசிரியர்களே ஒன்றியந்தோறும் அப்பொறுப்பைச் சுமந்தனர். அவர்களைப் பற்றித்தான் இக்கட்டுரை.

உத்திரமேரூரில் நம் வீட்டுத் திண்ணையிலும் ஒரு மையம் நடைபெற்றது. பட்டப்படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருந்த பெண் ஒருத்தி, மாலை ஐந்து மணிக்குக் கரும்பலகையைச் சுவரில் சாய்த்து வைப்பாள். பதினெட்டுப் பிள்ளைகள் பாய் விரித்து அமர்வர். மாதத்தில் ஓரிரு முறை அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் இருசக்கர வண்டியில் வந்து இறங்குவார். பதிவேட்டைப் பார்ப்பார், பிள்ளைகளிடம் இரண்டு சொற்களைப் படிக்கச் சொல்வார், அப்பெண்ணிடம் சிறிது நேரம் பேசுவார், புறப்பட்டுவிடுவார். ஓர் எழுத்தும் கற்பிக்காத இவருக்கு இங்கே என்ன வேலை என்று நாம் எண்ணியதுண்டு.

பிறகுதான் ஒவ்வொன்றாக அறிந்தோம். தொடக்கத்தில் அப்பெண்ணின் தாயார், வயது வந்த மகள் தெருவில் அமர்ந்து பாடம் நடத்துவதாவது என்று தடுத்திருக்கிறார். இந்த ஆசிரியை ஞாயிற்றுக்கிழமையன்று அவர் வீட்டிற்குச் சென்று, பலர் பார்வையில் இருக்கும் திண்ணை ஒன்றைத் தாமே தேடித் தருவதாக வாக்களித்து, அதன் பின்னரே நம்மிடம் வந்து இடம் கேட்டிருக்கிறார். நம் திண்ணைக்குப் பள்ளி வந்த வரலாறு இதுவே. நாமோ அதனை நம் கொடை என்று எண்ணி மகிழ்ந்திருந்தோம்.

2022ஆம் ஆண்டில் தொற்று மீண்டும் தலைதூக்கியபோது, ஒரு பிள்ளையின் வீட்டில் காய்ச்சல் என்று கேள்வியுற்ற அன்றே அவர் நம் மையத்தைச் சில நாள் நிறுத்தி வைத்தார். "இப்போதுதான் பிள்ளைகள் எழுத்துக் கூட்டத் தொடங்கினார்கள், இப்படி நிறுத்தலாமா?" என்று நாம் சற்றுக் கடுமையாகவே கேட்டோம். அவர் பொறுமையாக, "டீச்சர், எழுத்தை அடுத்த வாரமும் படிக்கலாம். இந்தப் பெண்ணை இங்கே அனுப்பியவள் நான். இவளுக்கு ஒன்று என்றால் இவள் அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது.

நாம் செய்த பிழை

தொற்று தணிந்தபின், தொண்டர்களைப் பாராட்டும் கூட்டம் ஒன்று நடைபெற்றது. தன்னார்வலர்களுக்குச் சான்றிதழ்கள் வழங்கினர். திண்ணை கொடுத்தமைக்காக நமக்கும் பொன்னாடை போர்த்தினர். ஒருங்கிணைத்த அந்த ஆசிரியை கூட்டத்தின் கடைசியில் நின்று, பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைத்ததா, பெண்கள் இருட்டுமுன் வீடு திரும்ப வண்டி உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நன்றியுரையிலும் அவர் பெயர் இடம்பெறவில்லை. ஒலிபெருக்கி நம் கையில் இரண்டு நிமிடம் இருந்தது. நாம் அவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீடு திரும்பிப் பொன்னாடையை மடித்து வைக்கும்போதுதான் அது யாருக்கு உரியது என்பது புலப்பட்டது.

மறு வாரம் அவரிடம் சென்று வருத்தம் தெரிவித்தோம். "அது இருக்கட்டும் டீச்சர், பக்கத்துத் தெருவில் ஒரு பெண் நின்றுவிட்டாள், நான்கு பிள்ளைகளுக்கு உங்கள் திண்ணையில் இடம் இருக்குமா?" என்று கேட்டார். அவர் மனத்தில் பொன்னாடைக்கு இடமில்லை. ஆனால் அவர் கேளாமையால் நம் கடன் தீர்ந்துவிடுமா?

மூவகைச் செயல்

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம், வினை வந்து சேரும் வழிகளை 108 என்று கணக்கிடுகின்றது. எண்ணுதல், அதற்கு வேண்டியவற்றைத் திரட்டுதல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. சினம், செருக்கு, வஞ்சனை, பேராசை என நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108 வரும். செபமாலை மணிகளின் எண்ணிக்கைக்கு இதனையே காரணமாகக் கூறுவர் பெரியோர். இக்கணக்கில் செய்வித்தவனுக்குச் சலுகை ஏதும் இல்லை என்பதை நோக்குக. கொலை செய்தவன் வேறொருவன், ஏவியவன் மட்டுமே நான் என்று தப்பித்துக்கொள்ள நம் அறம் இடந்தரவில்லை.

தீமையில் செய்வித்தவனுக்குப் பங்கு உண்டென்றால், நன்மையில் மட்டும் அவனை மறப்பது எந்த நீதி? நன்மையின் பக்கத்திற்கும் நம் புராணத்தில் சான்று உண்டு. விருஷப தேவர் முற்பிறப்பில் வஜ்ரஜங்கன் என்னும் அரசராக இருந்தபோது, தேவி ஸ்ரீமதியுடன் கானகத்தில் முனிவர் இருவருக்கு ஆகார தானம் அளித்தார். அங்கே ஒரு புலியும், பன்றியும், குரங்கும், கீரியும் அதனைக் கண்டு மகிழ்ந்து நின்றன. ஒரு பருக்கையும் கொடாத அவ்விலங்குகள், உடன்பட்டு மகிழ்ந்த அந்த ஒன்றினாலேயே போகபூமியில் பிறந்து, பிறவிதோறும் உயர்ந்தன என்பதை நாம் அறிவோம். கண்டு மகிழ்ந்த கீரிக்கே அவ்வளவு பேறு என்றால், அருகிலிருந்து செய்வித்தவர்க்கு எவ்வளவு!

இந்த உண்மையை நாம் முதலில் கற்றது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில்தான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மாதிரிப் பள்ளியில் நாம் பாடம் நடத்தியபோது, பயிற்றுநர் அம்மையார் கடைசி விசுப்பலகையில் அமர்ந்து பாடக் குறிப்பில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். பாடம் நன்றாக அமைந்தால் பாராட்டு நமக்கு. சொதப்பினால் தலைமையாசிரியரிடம் விளக்கம் சொல்பவர் அவர். ஒருங்கிணைப்பவர்களின் நிலையும் இதுவே. வெற்றியில் அவர்கள் மறைகின்றனர். தோல்வியில் அவர்கள் மட்டுமே தெரிகின்றனர்.

தொண்டுக்கு நெறி எதற்கு?

அன்பினால் தானே மலர்வது தொண்டு. அதற்குப் பதிவேடும் மேற்பார்வையும் எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். 2020 ஏப்ரலை நினைத்துப் பார்ப்போம். ஊரடங்கில் பசித்தவர்க்கு உணவளிக்க நல்லுள்ளங்கள் பல முன்வந்தன. ஆனால் பொட்டலம் வாங்கக் கூட்டம் நெருக்கியடித்தால் பசிக்கு மருந்தாக வந்தவரே நோயையும் பரப்பியவராவார். எனவே அரசு நேரடி வழங்கலைத் தடை செய்தது. பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றம், அதிகாரிகளுக்கு முன்னரே தெரிவித்து, நெறிமுறைகளைப் பேணி வழங்கலாம் என்று வழி செய்தது. அன்பும் வேண்டும், ஒழுங்கும் வேண்டும் என்பதே அதன் பொருள்.

நம் சமயம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிருக்கு ஊறு செய்தலை மட்டும் கூறவில்லை. அதற்கு வேராகிய கவனமின்மையையும் சேர்த்தே கூறுகின்றது. பார்த்து நடத்தல், பார்த்து எடுத்தல், பார்த்து வைத்தல் என்னும் சமிதிகள் துறவியர்க்கு உரியனவாயினும், பொதுத்தொண்டுக்கும் பொருந்துவன. நூறு பேரை ஒரே நேரத்தில் தொண்டுக்கு அனுப்பும்போது அந்த நூறு பேருக்கும் கண்ணாக இருப்பவரே ஒருங்கிணைப்பாளர். காய்ச்சல் என்றதும் மையத்தை நிறுத்திய அந்த ஆசிரியை, நம் கண்ணுக்குக் கல்வியைத் தடுத்தவராகத் தோன்றினார். உண்மையில் அவர் அகிம்சையைக் கடைப்பிடித்தார்.

அவர்கள் உழைப்பு வீணாகவுமில்லை. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளீதரன் முதலியோர் தமிழகக் கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில், இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என்றும் அவர்கள் கண்டனர்.

நம் ஊர்க் கல்வெட்டு

உத்திரமேரூரார்க்கு இது புதிய பாடமன்று. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஊரின் 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே ஆட்களைத் தேர்ந்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பணிகளைப் பகுத்து, 360 நாள்களுக்கு ஒப்படைத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பேற்க இயலாது. பொதுப்பணி என்பது நல்லெண்ணத்தோடு முடிவதன்று, கணக்கும் பொறுப்பும் உடையது என்று 1100 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊர் அறிந்திருந்தது.

அக்குடத்தில் இடப்பெற்ற ஓலைகள் நிலமும் மனையும் மறைக்கல்வியும் உடைய ஆடவர்க்கு உரியவை. அகவை 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். ஆகவே அந்நாளில் அந்த ஆசிரியைக்கும் ஓலை இல்லை. நமக்கோ இரு வகையாலும் இல்லை! இன்று ஒரு பெண் இந்த ஊரின் பிள்ளைகளுக்காக அத்தகைய பொறுப்பைச் சுமந்தார் என்பதே நாம் பெருமை கொள்ளத்தக்கது. அவர் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டியதில்லை. மேடையில் சொல்லவாவது வேண்டாமா?

நாம் செய்யத்தக்கவை

ஐக்கிய நாடுகள் அவை 1985இல் டிசம்பர் 5ஆம் நாளைத் தன்னார்வலர் நாளாக அறிவித்தது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னர், நவம்பர் 5ஆம் நாள், தன்னார்வலர்களை வழிநடத்துவோரைப் போற்றும் நாளாகப் பல நாடுகளில் கொண்டாடப்படுகின்றது. நாமும் அந்நாளைக் கொள்ளலாம். ஆனால் மகிழ்ந்து உடன்படுதல் என்பது கைதட்டலோடு நின்றால் அது பாதி அனுமோதனையே.

தொண்டர் பெயரைச் சொல்லுமிடத்து அவரை அனுப்பியவர் பெயரையும் சொல்லுவோம். அவர் செலவிட்ட எரிபொருளுக்கும் பேசிய தொலைபேசிக்கும் யார் பணம் தந்தார் என்று கேட்போம். பதிவேடு எழுதுதல் போன்ற சுமை ஒன்றையேனும் நாம் வாங்கிக்கொள்வோம். அவர் 'வேண்டாம்' என்று தடுக்கும்போது காரணம் கேட்பதற்கு முன் கடிந்துகொள்ளாதிருப்போம். இடர் நீங்கியபின் அவருக்கு ஓய்வு கொடுப்போம். அக்காலத்தில் அவர் பட்ட அச்சத்தையும் இழப்பையும் அமர்ந்து கேட்போம். நம் ஜினாலயத் திருவிழாவில் பந்தி பரிமாறும் இளைஞரைப் பாராட்டும் நாம், விடியற்காலையில் அவர்களை எழுப்பி, யார் எங்கே நிற்பது என்று பட்டியலிட்டு, தாம் கடைசியில் உண்பவரையும் தேடிச் சென்று ஒரு வார்த்தை சொல்வோம்.

அந்தப் பொன்னாடை நம் பெட்டியில் இன்னும் மடிப்புக் கலையாமல் உள்ளது. காலம் கடந்தாலும் உரியவர் இல்லத்திற்கு அதனை எடுத்துச் செல்ல எண்ணியுள்ளோம். அவர் மறுத்தாலும் அங்கே வைத்துவிட்டுத் திரும்புவோம். செய்தவர்க்கும் செய்வித்தவர்க்கும் உரிய சிறப்பை உரிய காலத்தில் அளிக்கும் நல்லறிவு நம் அனைவர்க்கும் வாய்ப்பதாக!