அரிய பொருளுக்கு விலை எது?

இல்லறத்தார் பொருள் ஈட்டுவதை அருகன் அறம் தடுக்கவில்லை. ஈட்டும் பொருளுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள் என்றே கூறுகிறது. துறவிக்கு முற்றத் துறத்தல். இல்லறத்தானுக்கு மிகுபொருள் விரும்பாமை. நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், கலம் என நம் முன்னோர் எண்ணிக் கூறிய பொருள்களுக்கு அளவு குறிப்பது எளிது. காலம் புதிது புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கும் பொருள்களுக்கு அளவு குறிப்பதே கடினம். அவற்றுள் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். எளிதில் கிடைக்காத, ஒரு சிலரே போற்றிப் பேசும் திரைப்படங்களை, வீட்டில் வைத்துப் பார்ப்பதற்காகப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிச் சேர்க்கும் வழக்கமே அது.

இது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி என்று முதியோர் சிலர் எண்ணக்கூடும். ஆயின் நம் பிள்ளைகள் படித்துப் பட்டம் பெற்று, வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரிகின்றனர். புலால் உண்ணாமலும் மது தொடாமலும் வாழும் அவர்கள், தம் ஊதியத்தின் ஒரு பகுதியை இத்தகைய சேகரிப்பில் செலவிடும்போது, 'இதில் என்ன குற்றம்?' என்று கேட்பது இயல்பு. 'வீண் செலவு' என்ற ஒரு சொல்லால் அவர்களை வாயடைக்கச் செய்யலாம்; தெளிவுபடுத்த இயலாது.

விலை ஏறும் வகை

முதலில் விலையைப் பார்ப்போம். 1980களில் வீடியோ கேசட்டுகளை வாங்கியோர் சிலர். வாடகைக்கு எடுத்துப் பார்த்தோரே பலர். பின்னர் வட்டுகள் வந்தன. 2007ஆம் ஆண்டளவில் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படங்களின் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலையில் ஒரு படம் வீட்டுக்கு வந்தது. அந்நிறுவனத்தைக் கலைத்துவிட 2018இல் ஆணை பிறந்தது. வீடியோ கேசட் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது.

வட்டுக் கடைகள் மறைந்தபின் ஒரு விந்தை நிகழ்ந்தது. எல்லாரும் விரும்பும் படங்கள் இணையத்தின் வழியே எளிதில் கிடைத்தன. சிலரே விரும்பும் படங்களோ, பழைய வட்டில் மட்டும் எஞ்சி நின்றன. மேலைநாட்டில் இத்தகைய படங்களுக்கென்றே நிறுவனங்கள் உள்ளன. அமெரிக்காவில் 1984இல் தோன்றிய கிரைட்டீரியன் நிறுவனத்தின் ஒரு புளூரே வட்டின் குறித்த விலை ஏறத்தாழ 40 டாலர். அஞ்சற்செலவும் சுங்கமும் சேர, அது மூவாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். அச்சிடுவது நின்றுபோன வட்டின் விலையோ அதனினும் பன்மடங்கு ஏறும். உறை பிரிக்காத வட்டுக்கு இன்னும் மதிப்பு அதிகம் என்பதால், வாங்கியும் பாராமலே வைத்திருப்போரும் உண்டு.

படத்தைப் பார்க்கவே வாங்குகிறோம் என்று தொடங்கிய ஆசை, பாராமல் வைத்திருப்பதில் முடிகிறது. சிந்தனைக்குரிய இடம் இதுவே.

பொருளா, பற்றா?

சமந்தபத்திர ஆசாரியர் இல்லறத்தாருக்கு வகுத்த ஒழுக்கங்களில் நுகர்பொருளை இருவகைப்படுத்துகிறார். ஒருமுறை நுகர்ந்தவுடன் தீர்வது போகம். உணவும் மலரும் போல்வன. மீண்டும் மீண்டும் நுகர்வதற்கு உரியது உபபோகம். ஆடையும் அணியும் போல்வன. இரண்டிற்கும் அளவு வேண்டும் என்பது அவர் கருத்து. திரையரங்கில் ஒருமுறை கண்ட படம் போகம். அதுவே வட்டாகி அலமாரியில் அமர்ந்தபோது உபபோகம் ஆகிவிட்டது. ஆகவே படத்திற்கும் அளவு குறித்துக்கொள்ளுதல் நம் நெறிக்குப் புதிதன்று.

உமாசுவாமி ஆசாரியரோ இன்னும் ஆழமாகச் செல்கிறார். பரிக்கிரகம் என்பதற்கு இலக்கணம் கூறும்போது, அவர் புறப்பொருளைச் சுட்டவில்லை. 'எனது' என்று மனம் கொள்ளும் மயக்கத்தையே சுட்டுகிறார். இவ்விலக்கணத்தின்படி, ஆயிரம் வட்டுகளைக் காத்துவரும் ஒரு நூலகன் பற்றில்லாதவனாக இருக்கக்கூடும். ஒரே வட்டை வைத்திருப்பவன், 'இது வேறெவரிடமும் இல்லை' என்று மகிழ்வானாயின், அவனே பெரும் பரிக்கிரகம் உடையவன். அரிய பொருளுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி அப்பொருளின் நயத்துக்கு உரியது. மற்றொரு பகுதி, பிறரிடம் அது இல்லை என்பதற்கு உரியது. இப்பின்னைய பகுதியே மயக்கத்தின் விலை.

ஆயின், சேர்ப்பது முழுவதும் குற்றம் என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்கு முன், நாஞ்சில் நாடு காட்டும் இரண்டு படங்களின் வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறைந்த படமும் எஞ்சிய படமும்

சிதறால் மலையாகிய திருச்சாரணத்து மலைக்கு யாத்திரை சென்று வரும் நம் குடும்பத்தினர் பலர். அதே குமரி மாவட்டத்தில், கடலோரத்தை அடுத்துள்ளது அகஸ்தீஸ்வரம். மலையாளத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜே. சி. டேனியல் தம் இறுதிக் காலத்தைக் கழித்து, 1975இல் மறைந்த ஊர் அது. தம் பெயரில் இருந்த நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் படப்பிடிப்பு நிலையம் அமைத்து, 'விகதகுமாரன்' என்னும் பேசாப் படத்தை அவர் எடுத்தார். அதில் நாயகியாக நடித்த பி. கே. ரோசி, தலித் பெண். அவர் உயர்குலப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாதவர்கள் அவரை ஊரைவிட்டே விரட்டினர். பிற்காலத்தில் அவர் நாகர்கோவில் பகுதியில் தம்மை மறைத்து வாழ்ந்தார் என்பர். படம் நட்டமடைந்தது, டேனியல் பல் மருத்துவம் செய்து பிழைத்தார். அவர் பெயரால் கேரள அரசு விருது ஏற்படுத்தியது 1992இல். அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழிந்தபின். அப்படத்தின் ஒரு படியும் இன்று இல்லை. எஞ்சியிருந்த சுருளைச் சிறுவயதில் விளையாட்டாகத் தீயிட்டு எரித்துவிட்டதாக அவருடைய இளைய மகன் பிற்காலத்தில் கூறினார்.

இரண்டாவது படம் 'மார்த்தாண்ட வர்மா'. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் 1933இல் எடுத்தது. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. நாவலின் பதிப்புரிமை கமலாலயா புத்தக நிலையத்தாரிடம் இருந்தது; அவர்களுடைய இசைவு பெறாமையால் வழக்கு எழுந்தது. சில நாள்களிலேயே படம் நிறுத்தப்பட்டு, சுருள் பதிப்பகத்தாரின் கைக்குச் சென்றது. எடுத்தவர் பெரும்பொருள் இழந்தார். ஆயின் பூட்டிய அறையில் கிடந்த அச்சுருளே 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தை அடைந்தது. அக்காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி. கே. நாயரின் முயற்சி அது. தென்னாட்டில் எடுத்த பேசாப் படங்களுள் எஞ்சியது இது ஒன்றே என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

ஒருவர் தம் உரிமை என்று பற்றிப் பூட்டி வைத்ததால் ஒரு படம் பிழைத்தது; அவ்வாறு பூட்டி வைப்பார் இல்லாமையால் மற்றொரு படம் அழிந்தது. பழைய படச்சுருள்களைக் கழுவி, அதிலுள்ள வெள்ளியைப் பிரித்து விற்ற வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. சேகரிப்போர் இல்லையேல், விற்போரும் எரிப்போரும் மட்டுமே எஞ்சுவர். ஆகவே சேர்த்து வைப்பவனைப் பேராசைக்காரன் என்று எடுத்த எடுப்பில் இகழ்வது நேர்மையாகாது.

நம் ஏடுகள் கூறும் பாடம்

இவ்வுண்மையை நம்மைவிட அறிந்தவர் வேறெவர்? ஐம்பெருங்காப்பியங்களுள் சமண நூலாகிய வளையாபதி இன்று சில பாடல்களாக மட்டும் எஞ்சியுள்ளது. அதன் ஏட்டைத் தாம் இளமையில் திருவாவடுதுறையில் கண்டதாகவும், பின்னர்த் தேடியபோது கிடைக்கவில்லை என்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். சீவக சிந்தாமணி பிழைத்ததற்குக் காரணம், ஏட்டை வைத்திருந்தோர் அதைக் கொடுத்ததும், கும்பகோணத்துச் சமணர் தம் இல்லத்தில் அமர்த்திப் பொருள் விளக்கியதும் ஆகும். 1887இல் அந்நூல் அச்சேறியது.

சட்கண்டாகமத்தின் உரைகளாகிய தவளம் முதலியவற்றின் பழைய ஓலைச்சுவடிகள் மூடபித்ரியில் மட்டுமே நெடுங்காலம் காக்கப்பட்டன. யாத்திரை சென்றவர் தொழுது வரலாம், படியெடுக்க இசைவில்லை. அக்காவல் இல்லையேல் அந்நூல் இன்று இல்லை. இது மறுக்க முடியாதது. ஆயின் படியெடுக்க இசைந்து, 1939 முதல் ஹீராலால் ஜெயின் அதைப் பதிப்பித்த பின்னரே, 16 தொகுதிகளாக அது கற்போர் கைக்கு வந்தது. காவல், நூலின் உடலைக் காத்தது. கொடையே அதற்கு உயிர் தந்தது. உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் தானப்பொருளாக நம் ஆன்றோர் வைத்தமைக்குக் காரணம் இதுவே. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். ஒரே படியை வைத்துக்கொண்டு பெருமை கொள்ள அவருக்குச் செல்வம் இல்லாமல் இல்லை.

திரைப்படம் சாத்திரம் ஆகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆயின் காவலுக்கும் பற்றுக்கும் உள்ள வேறுபாடு எப்பொருளிலும் ஒன்றே. பொருள் பிறரை நோக்கிச் செல்லுமாயின் அது காவல். தன்னிடமே தேங்கி நிற்குமாயின் அது பற்று.

விலைச்சீட்டில் எழுதாதவை

பணம் அல்லாத விலைகளும் உண்டு. படச்சுருளின் மேற்பூச்சில் வெள்ளி உப்பைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். மாட்டின் எலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து பெறப்படுவது அது. பிளாஸ்டிக்கால் ஆன வட்டில் அப்பூச்சு இல்லை. ஆயினும் அதில் பதிந்துள்ள பழைய படம் அத்தகைய சுருளில் பிறந்ததே. பழைய வட்டை இன்று வாங்குபவன் அக்கொலையைச் செய்தவனும் அல்லன், செய்வித்தவனும் அல்லன். உடன்பட்டு மகிழாதிருக்கும் வரை அவனுக்கு அப்பாவம் இல்லை எனலாம். எனினும் உயிர்களின் துன்பத்தால் ஆகிய ஒரு பொருளை, உறை பிரியாமல் விலையேறக் காத்து வைத்தல் நம் உள்ளத்துக்கு ஒவ்வாதது.

அடுத்தது கள்ளாமை. 'பிறருக்குப் பகிர்கிறேன்' என்று உரிமையாளரின் இசைவின்றிப் படியெடுத்து வழங்குதல் கொடாத பொருளைக் கொள்ளுதலாகும். மார்த்தாண்ட வர்மா முடங்கியதே இசைவு பெறாத குற்றத்தால் அன்றோ? நம் நாட்டுச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியானபின் 60 ஆண்டுகள் நிலவும். அதுவரை விலை கொடுத்து வாங்கிய வட்டை இரவல் கொடுக்கலாம், வீட்டுக்கு வருவோருடன் கூடிப் பார்க்கலாம், காப்பகத்துக்கு அளிக்கலாம். அறத்துக்குள் நின்று பகிரும் வழிகள் குறைவல்ல.

மூன்றாவது, படத்தின் உட்பொருள். சிறு கூட்டத்தார் போற்றும் படங்களுள் கொலையையும் கொடுமையையும் சுவையாக்குவன மிகப்பல. அரிதாகக் கிடைப்பதனாலேயே ஒன்று நன்றாகிவிடாது. தீயவற்றைக் கேட்டு மகிழ்வதைப் பயனில்லாத தீமைகளுள் ஒன்றாக நம் நூல்கள் வைத்துள்ளன. ஆனால் இவ்வகையிலேயே நல்ல படங்களும் உண்டு. ஜான் ஆபிரகாம் 1977இல் எடுத்த தமிழ்ப்படம் 'அக்ரகாரத்தில் கழுதை'. தாயற்ற கழுதைக்குட்டி ஒன்றுக்கு ஒருவர் இரங்குவதும், ஊரார் பழி சுமத்தி அதைக் கொல்வதுமே அதன் கதை. தேசிய விருது பெற்றும் பொதுமக்கள் பெரிதும் காணாத படம் அது. வாயில்லா உயிர்க்கு இழைத்த கொடுமையைச் சுட்டும் அத்தகைய படத்தைத் தேடி ஓர் இளைஞன் பொருள் செலவிட்டால், அவனை வீணன் என்பது தகாது. அதே இயக்குநர், 1986இல் வந்த 'அம்ம அறியான்' என்னும் மலையாளப் படத்தை, ஊர் ஊராகச் சென்று மக்களிடம் சிறுதொகை திரட்டியே எடுத்தார். கட்டணமின்றியே மக்களுக்குக் காட்டவும் செய்தார். பலர் சிறிது சிறிதாகக் கொடுத்து, எல்லாரும் காணும்படி ஆக்கிய அம்முறையும் எண்ணத்தக்கது.

கொள்ளத் தக்க வழி

ஆகவே நம் இளைஞர்களுக்குக் கூறத் தக்கது இது. வாங்குவதற்கு முன் ஆண்டுக்கு இவ்வளவு என்று தொகைக்கும் எண்ணிக்கைக்கும் வரையறை செய்துகொள்க. அரிய வட்டு கண்ணில் பட்டபின் வரையறை செய்வது பயன் தராது. ஆசையே அப்போது அளவுகோலாகிவிடும். வாங்கியதைப் பார்க்க, பிறர்க்கும் காட்டுக. வேறெங்கும் இல்லாதது என்று தெரிந்தால், அது தக்க காப்பகத்தைச் சேர வழி தேடுக. ஆண்டுக்கு ஒருமுறை, பரியூஷண நாள்களில், அலமாரியின் முன் நின்று தன்னையே கேட்டுக்கொள்க: 'இவற்றுள் எதை இழந்தால் என் மனம் அமைதி இழக்கும்?' எது அவ்வாறு கலக்குகிறதோ அதையே முதலில் பிறருக்குக் கொடுக்க. இழக்க அஞ்சும் பொருளைக் கொடுப்பதே பற்றை அறுக்கும் பயிற்சி.

பெரியோருக்கும் ஒரு சொல். வட்டு சேர்க்கும் பிள்ளையைக் கடியும் முன், நம் வீட்டுப் பரண்களில் எவரும் பாராமல் செல்லரிக்கும் ஏடுகளையும் பழைய அச்சு நூல்களையும் நினைத்துப் பார்ப்போம். பட்டுத்துணியில் சுற்றி, ஆண்டுக்கொரு முறை பூசித்து, எவர்க்கும் காட்டாமல் வைத்திருப்பதும் உறை பிரிக்காத வட்டும் வேறல்ல.

சிதறாலில், விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் அங்குள்ள படாரியார்க்குப் பொன்னணி வழங்கிய செய்தி கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் கொடுத்த அப்பொன் இன்று எங்கும் இல்லை. கொடுத்தார் என்னும் சொல் மட்டும் பாறையில் நிற்கிறது.

வாழ்க அறம்!