பாவத்தில் யாருக்குப் பங்கு?

புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலிலிருந்து நாகூர் போகும் பேருந்து வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. சோதனைச்சாவடியில் போலீசார் பைகளைத் தடவிப் பார்ப்பதுண்டு. துண்டில் சுருட்டி வைத்த புதுச்சேரிச் சரக்கு கிடைத்தால் வழக்குதான். எல்லைக்கு வடக்கே அரசு உரிமம் பெற்ற கடையில் வாங்கிய அதே பாட்டில், தெற்கே வந்ததும் குற்றம்.

குற்றம், சரி. பாவமா?

மது, புகையிலை, சூதாட்டம் ஆகியவற்றின் மீதான வரியை ஆங்கிலத்தில் 'சின் டாக்ஸ்' என்கிறார்கள். சட்டத்தை மீறினால் 'க்ரைம்'. கடவுளின் கட்டளையை மீறினால் 'சின்'. தேவாலயத்துச் சொல்லைக் கருவூலம் பாதி கேலியாக எடுத்துக்கொண்டது. தமிழில் அது 'பாவ வரி' ஆனதும் கேலி போய்விட்டது. தமிழ்ப் பாவத்துக்கு இரண்டு முகம்: "பாவம் செய்தான்" என்றால் பழி, "பாவம், குடித்தே கெட்டான்" என்றால் இரக்கம். வரிக்கு இரண்டாவது முகம் கிடையாது.

பாவ வரிப் பட்டியலே விசித்திரமானது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 40 சதவீத வரிக்குப் போன பொருள்களில் கோலா பானமும் ஒன்று. மதுவோ ஜிஎஸ்டிக்குள்ளேயே இல்லை. அதன் வரி மாநிலங்களின் கையில். மதுவில் கலக்கும் கோலா டெல்லியின் பட்டியலில். மது உள்ளூர்க் கருவூலத்தில்.

விலை ஏறினால் குடி குறையும், குறிப்பாக இளைஞர்களிடம் என்பது வரிக்கு ஆதரவான வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அடிமையானவன் நிறுத்துவதில்லை; வீட்டு அரிசிக்கான காசு கரைகிறது. பக்கத்தில் மலிவான கடை இருந்தால் கால் அங்கே போகிறது. 2020 மே மாதம் புதுச்சேரி கோவிட் வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டுக்கு நிகராக உயர்த்தியது. மறு ஆண்டு வரி நீங்கியதும் பழைய இடைவெளி திரும்பிவிட்டது.

வழிப்பறிக்காரன் வால்மீகி ஆன கதையைத் தமிழர் அறிவர். கொள்ளைப் பொருளைத் தின்ற குடும்பம் பாவத்தில் பங்கேற்க மறுத்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மதுக்கடையை அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது. புதுச்சேரி உரிமம் கொடுத்து வரி வாங்குகிறது. அந்தக் குடும்பத்தைப் போலவே இரண்டு அரசுகளும் வருவாயில் பங்கு கேட்கின்றன. பாவம் என்ற பெயர் மட்டும் குடிப்பவன் தலையில்.

இது நேர்மையில்லை. பாவம் என்று பெயர் வைத்தால் அரசும் பங்காளிதான். வருவாயில் ஒரு பகுதி, குடிநோய்ச் சிகிச்சைக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். அதற்கு மனமில்லையா? வரியை வெறும் வரி என்றே சொல்லட்டும்.