உயிர் காப்பதற்குக் கூலி உண்டா?

சிங்கப்பூரில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால் நாம் 995 என்ற எண்ணை அழைக்கிறோம். ஓடி வருவோர் தீயணைக்கும் படையினர். நெருப்பை அணைப்பவருக்கும் நோயாளிக்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தீயணைப்பு நிலையங்கள் ஊரெங்கும் பரவியுள்ளன; இரவும் பகலும் விழித்திருப்பதே அவற்றின் தொழில். எனவே 1977-ஆம் ஆண்டில் அவசர அம்புலன்ஸ் வேலை அவர்கள் கையில் வந்தது வியப்பன்று. இதயம் நின்றவனுக்கு மார்பை அழுத்தியும் மின்னதிர்ச்சி கொடுத்தும் உதவாவிடில், கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைகிறதென மருத்துவர் கூறுவர். அருகிலிருப்பவனே அங்கு வைத்தியன்.

ஆனால் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளைப் படை ஒன்றே தாங்க இயலாது. ஆகவே 2009 முதல் தனியார் வண்டிகளும் ஒப்பந்தத்தின் பேரில் துணைக்கு அமர்த்தப்பட்டன. அவசரமல்லாத நோயாளிக்கு 1777 என்ற வேறு எண்ணும் உண்டு. அங்கு வருவது தனியார் வண்டி. அதற்குக் கூலி கொடுத்தல் வேண்டும்.

கூலிக்கு வருபவன் செய்வது அறமாகுமா? உண்டியலில் இடும் காசைத் தருமமென்றும், சம்பளத்துக்கு உழைக்கும் கையைக் கூலிக்கை என்றும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம்மவரிடம் நெடுங்காலமாக உண்டு. அன்று தோட்டத்து டிரெசரும் சம்பளம் வாங்கியவரே. அதனால் அவர் கட்டிய புண் ஆறாமற் போயிற்றா? கூலி வாங்குவது குற்றமன்று. கூலி கிடைக்குமா என்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புவதே குற்றம். 995-இல் அந்தக் கேள்வி எழுவதில்லை. அவசர நோயாளிக்கு அங்குக் கட்டணம் இல்லை.

நம் மனத்தை உறுத்துவது பிறிதொன்று. அவசரமல்லாதவர் 995-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் சென்றால் 274 வெள்ளி விதிக்கப்படலாம். இதற்கு நியாயம் இல்லாமலில்லை. பல்வலிக்காரரை ஏற்றிச் செல்லும் நேரத்தில், அடுத்த தெருவில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம். வீட்டு வாசலில் சொந்தக் கார் நிற்கையிலும், அம்புலன்ஸில் போனால் வரிசையில் முந்தலாமென்று எண்ணுவோரும் உளர். (முந்த முடியாது, நோயின் கடுமையைக் கொண்டே முறை தரப்படுகிறது.) இத்தகையோர் பணம் கட்டட்டும்.

ஆயினும், நள்ளிரவில் வயிறு எரிகிறதென்று எழுந்து உட்காரும் மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அது வாயுவா, இதயமா? நீரிழிவுடையோர்க்கு நெஞ்சுவலியே இன்றி மாரடைப்பு வருவதுண்டு. தேர்ந்த மருத்துவரும் சோதனை செய்த பின்பே தெளிவது, அவளுக்கு எங்ஙனம் தெரியும்? பின்னர் வந்த அறிவைக் கொண்டு முன்னிருந்த அறியாமைக்குத் தண்டம் விதிப்பது சரியாகாது. மகனுடைய சம்பளத்தில் 274 வெள்ளியைக் கணக்கிட்டு, "விடியட்டும்" என்று அவள் படுத்துவிட்டால், அந்தத் தொகை எவரைத் தடுத்தது?

நாம் கட்டணத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அறிந்தே அழைத்தவனையும் அஞ்சி அழைத்தவளையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டாம் என்கிறோம். இவ்விருவரையும் பிரித்தறிவது எளிதன்று என்பதும் நமக்குத் தெரியும். ஐயம் தோன்றுமிடத்து அஞ்சியவள் பக்கமே சாய்க. அதனால் சில பல்வலிக்காரர் இலவசமாகப் பயணம் செய்வர், செய்யட்டும்.