டிக்கெட் வாங்கி மனிதரைப் பார்க்கலாமா?



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு பாட்டியம்மாள் கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய மகன் ஆஸ்திரேலியா தேசத்தின் வடகோடியிலுள்ள டார்வின் பட்டணத்தில் வேலை பார்க்கிறான். அம்மா அங்கே வந்தால், ஒரு நாள் படகில் திவித் தீவுக்கு அழைத்துப்போய், அங்கு வாழும் பூர்வ குடிகளைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறானாம். "சாமி, டிக்கெட் வாங்கி மனுசரைப் போய்ப் பாக்கலாமா? பாவமில்லையா?" என்று கேட்டார்கள். நான் சிரித்துவிட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. "வேளாங்கண்ணியில நான் முழங்காலால போனப்ப ஒருத்தன் முன்னால வந்து குனிஞ்சு குனிஞ்சு படம் புடிச்சான், சாமி. மாதாகிட்ட என்ன கேக்க வந்தேங்கிறதே எனக்கு மறந்துபோச்சு" என்றார்கள்.

வாசலில் நின்றபடி விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. ஆகவே இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

அவர்களுடைய அச்சம் வீணான அச்சமல்ல. 1883-ம் ஆண்டில் ஒரு சர்க்கஸ் கம்பெனியின் காட்சிக்காக, குயின்ஸ்லாந்து கரையோரத் தீவுகளிலிருந்து ஒன்பது பூர்வ குடிகளை ஒருவன் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோனான். ஊர் ஊராக அவர்களை நிறுத்தி, காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். பார்த்தவர்களும் நம்மைப்போல் குடும்பத்தோடு வந்த சாதாரண ஜனங்களே. அவர்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போனவர்களும் இருந்திருப்பார்கள். மறு வருஷம் அந்த ஒன்பது பேரில் ஒரு வாலிபர் கிளீவ்லாந்து பட்டணத்தில் இறந்தார். இறந்த பின்பாவது விட்டார்களா? இல்லை. உடலைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைத்தார்கள். 1993-ல் அவ்வுடல் அதே பட்டணத்தில் சவ அடக்கக் காரியங்களைச் செய்யும் ஒரு நிலையத்தில் அகப்பட்டது. 1994-ல்தான் அவரைத் தம் ஜனங்கள் வாழும் தீவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியும். இறந்தவரின் பெயரை உச்சரிக்கலாகாது என்பது அந்நாட்டுப் பூர்வ குடிகளில் பலருடைய வழக்கமாதலால் அதை நான் இங்கே எழுதவில்லை.

நிற்க. பாட்டியம்மாள் போகவிருக்கும் பயணம் இவ்விதமானதா? டார்வினுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் பாதர்ஸ்ட், மெல்வில் என்ற இரண்டு தீவுகள் இருக்கின்றன. படகில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அங்கே வாழ்கிறவர்கள் திவி ஜனங்கள். நிலம் சட்டப்படி அவர்களுக்கே சொந்தம். 1978 முதல் அவர்களுக்கென்று நிலச் சபை ஒன்று உண்டு. அவர்களுடைய அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியார் உள்ளே போகலாகாது. பயணச் சீட்டோடு அதுவும் சேர்ந்தே கிடைக்கிறது. வுருமியங்கா என்ற ஊரில் இறங்கினால், அவ்வூராரே வழிகாட்டிகளாக வருகிறார்கள். தேநீரும், டாம்பர் என்னும் ரொட்டியும் கொடுப்பார்கள். பச்சிலைகளை எரித்து, அந்தப் புகையை வந்தவர்கள்மேல் படவிட்டு வரவேற்பார்கள். தங்கள் குலத்துக்குரிய ஆட்டங்களை ஆடிக் காட்டுவார்கள்.

அந்த ஆட்டங்களில் எருமை ஆட்டம் என்று ஒன்று உண்டு. எருமை அத்தீவுக்குரிய பிராணியல்ல. 1824-ல் ஆங்கிலேயர் மெல்வில் தீவில் ஒரு கோட்டை கட்டியபோது கொண்டுவந்தது. கோட்டையை ஐந்தாறு வருஷத்துக்குள் கைவிட்டு ஆங்கிலேயர் போய்விட்டார்கள். எருமை தங்கிவிட்டது, ஆட்டத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், போகிறவர்களில் சிலர், கற்காலத்திலிருந்து மாறாத மனிதரைக் காணப்போகிறோம் என்று எண்ணிப் போகிறார்கள். அங்கே கைபேசியையும் காற்பந்துப் பித்தையும் கண்டு, கொடுத்த காசு வீண் என்று முகம் சுளிக்கிறார்கள். யாருக்காக அவர்கள் மாறாமல் இருக்கவேண்டும்? பாட்டியம்மாளின் மகன் வேட்டி கட்டிக்கொண்டா டார்வினில் வேலைக்குப் போகிறான்?

இனி தர்மசாஸ்திரத்துக்கு வருவோம். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், அறிய விரும்புவது நன்மையே என்றும், அந்த விருப்பம் முறை தவறும்போது அது துர்க்குணமாகிறது என்றும் போதிக்கிறார். பிறருடைய வாழ்க்கையை நாம் நன்மை அடைவதற்காக நோக்குவது புகழத்தக்கது. இழிவாக எண்ணுவதற்காகத் துருவுவது பாவம். ஆகவே பார்ப்பது குற்றமல்ல, பணம் கொடுப்பதும் குற்றமல்ல. படகுக்கும் தேநீருக்கும் வழிகாட்டியின் உழைப்புக்கும் கூலி கொடுப்பது நீதியே. அது கொடுக்கப்படாவிட்டால்தான் அநீதி. ஆனால் அந்தக் காசுக்கு நாம் எதை வாங்கினோம்? ஒருவருடைய நாளில் சில மணி நேரத்தை வாங்கினோம். அவரை வாங்கவில்லை. அவர் முகத்தை வாங்கவில்லை. கேட்கிற கேள்விக்கெல்லாம் விடையையும் வாங்கவில்லை.

சர்க்கஸுக்கும் விருந்துக்கும் உள்ள பேதம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: "முடியாது" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா? கொண்டுபோகப்பட்ட அந்த ஒன்பது பேருக்கு அது இல்லை. திவி ஜனங்களுக்கு உண்டு. பூக்குமானி என்னும் அவர்களுடைய இறப்புச் சடங்குகளில், கல்லறையைச் சுற்றிச் செதுக்கி வர்ணம் தீட்டிய கம்பங்களை நாட்டுவார்கள். அப்படிப்பட்ட கம்பங்களை நமக்குக் காட்டுவார்கள். இன்னின்ன இடத்தில் படம் பிடிக்க வேண்டாம், இன்னதைக் கேட்க வேண்டாம் என்றும் சொல்வார்கள். அந்த மறுப்பும் உபசாரத்தைச் சேர்ந்ததே. நம் வீட்டுக்கு வருகிறவரைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுக்கிறோம்; பெட்டியைத் திறந்து காட்டுகிறோமா?

இந்த மறுப்பைப் பொறுக்கமாட்டாத ஆசையே பாவத்துக்கு வாசல். அதே தேசத்தின் நடுவிலுள்ள உளூரு என்னும் பெரும் பாறை அனங்கு ஜனங்களுக்குப் புனிதமானது. தயவுசெய்து ஏறாதீர்கள் என்று அவர்கள் பல வருஷங்களாக வேண்டிக்கொண்டார்கள். 2019-ம் ஆண்டு அக்டோபர் 26 முதல் ஏறுவது தடை செய்யப்படும் என்று தெரிந்ததும் நடந்தது என்ன? கடைசி நாட்களில் ஏறுவதற்கு ஜனங்கள் வரிசை வரிசையாய் நின்றார்கள்! நான் அவர்களைத் தூரத்திலிருந்து கண்டிப்பது சுலபம். அந்த வரிசையில் நானும் நின்றிருப்பேனோ என்று கேட்டுக்கொண்டால் அவ்வளவு சுலபமாக இல்லை.

கத்தோலிக்கராகிய நமக்கு வுருமியங்காவில் வேறொரு சோதனையும் காத்திருக்கிறது. அங்கே நம்முடைய கோவில் இருக்கிறது. பலகையால் கட்டிய பழைய கோவில். பீடத்தைச் சுற்றித் திவிச் சித்திரங்கள். அதைக் கண்டதும் நமக்குப் பெருமை பொங்கும். வழிகாட்டி சொல்வதைப் பாதியில் விட்டுவிட்டு, "இதெல்லாம் நம் குருக்கள் செய்தது" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லத் தொடங்குவோம். கொஞ்சம் பொறுங்கள்.

1911-ல் அல்சாஸ் நாட்டவரான சங். பிரான்சிஸ் சவேரியார் கிசெல் சுவாமி அத்தீவில் வேதபோதக நிலையத்தை ஸ்தாபித்தார். பின்னாளில் டார்வின் மேற்றிராணியாரானார். தீவின் வழக்கப்படி பெண் குழந்தைகள் பிறக்குமுன்பே வயதுசென்ற ஆண்களுக்கு நியமிக்கப்பட்டார்கள். அப்படி நியமிக்கப்பட்ட பெண்களைச் சுவாமியார் சாமான்கள் கொடுத்து மீட்டார். ஒருவர் இருவரல்ல, நூற்றைம்பது பேர். அவர்கள் கன்னியரின் விடுதியில் வளர்ந்து, தங்களுக்கு இஷ்டமானவரை மணந்தார்கள். சிறு வயதில் இதை நான் வாசித்திருந்தால் கைதட்டியிருப்பேன். இப்போது கைதட்டும் முன் தயங்குகிறேன். அவருடைய எண்ணம் நல்லதென்றே நம்புகிறேன். கிழவனுக்கு வாழ்க்கைப்பட மனமில்லாத பெண்ணுக்கு அது மெய்யான மீட்பாகவும் இருந்திருக்கும். ஆனாலும் விலை பேசியவர்கள் இருபுறமும் ஆண்களே. பெண்ணைப் பெற்ற தாயிடம் யாராவது கேட்டார்களா?

அதைவிடக் கசப்பானதும் உண்டு. 1941 முதல் மெல்வில் தீவில் கார்டன் பாயிண்ட் என்ற இடத்தில் இருந்த நம் சபையின் நிலையத்தில், கலப்பு மரபுள்ள பிள்ளைகள் வளர்க்கப்பட்டார்கள். அரசாங்கத்தின் கொள்கைப்படி தாய்மாரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். இவ்விதம் தேசமெங்கும் நடந்ததை 1997-ல் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. 2008 பெப்ரவரி 13-ல் பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வழிகாட்டி இதைச் சொன்னாலும் சொல்லலாம்; சொல்லாமலும் விடலாம். சொன்னால், நம் சபையின் சார்பாக வழக்காட வேண்டாம். கேட்டுக்கொண்டிருங்கள்.

கேட்பது எப்படி என்பதை அந்நாட்டுப் பூர்வ குடிகளிடமே கற்றுக்கொள்ளலாம். டார்வினுக்குத் தெற்கே டேலி நதிக்கரையிலுள்ள நவ்யூ ஊரைச் சேர்ந்த கத்தோலிக்க ஆசிரியை மிரியம் ரோஸ் உங்குன்மர் அம்மையார், 'டடிரி' என்னும் தம் ஜனங்களின் சொல்லை உலகுக்கு அறிமுகம் செய்தார். உள்ளம் அடங்கி, அவசரமின்றி, ஆழ்ந்து செவிகொடுத்தல் என்பது அதன் கருத்து. 1986 நவம்பரில் அருளப்பர் சின்னப்பர் 2-ம் பாப்பானவர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பூர்வ குடிகளைச் சந்தித்தபோது, அவர்கள் கொடுப்பதைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளும்வரை ஆஸ்திரேலியத் திருச்சபை நிறைவடையாது என்ற கருத்தைச் சொன்னார். கொடுக்கிற இடத்தில் அவர்களையும் வாங்குகிற இடத்தில் நம்மையும் வைத்தார்.

ஆகவே, பாட்டியம்மாளுக்கு என் பதில்: போய் வாருங்கள். சக்கேயுவும் வேடிக்கை பார்க்கத்தான் மரம் ஏறினான். சேசுநாதர் அவனைத் திட்டவில்லை, அவன் வீட்டுக்கு விருந்தாளியாய்ப் போனார். மகன் போனைத் தூக்கினால், முதலில் கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் பைக்குள் போடச் சொல்லுங்கள். வேளாங்கண்ணியில் உங்களுக்குக் கிடைக்காததை அங்கே நீங்கள் கொடுக்கலாம்.

அந்தப் பலகைக் கோவிலுக்குள் போனதும், முழங்காலிட முடிந்தால் முழங்காலிட்டு, கப்பலேற்றப்பட்ட அந்த ஒன்பது பேருக்காகவும், விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் பெற்ற தாய்மாருக்காகவும் ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுங்கள். படகு மாலையில்தான் திரும்பும்; நேரம் இருக்கும்.