திருவெண்ணெய்நல்லூர் ஓலை

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில்தான் அந்த வழக்கு நடந்தது. சைவ நாயனார் சுந்தரரின் கல்யாணத்தை நிறுத்திய கிழவர் (சிவனேதான் அவர்), "உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இது, நீ எனக்கு அடிமை" என்று வாதாடினார். சபையார் ஓலையைப் பார்த்துக் கிழவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த வாக்கு, பேரனையும் கட்டியது.

அதே சுந்தரர் பின்னாளில், மனைவி சங்கிலியாருக்கு, பிரியேன் என்று செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லை தாண்டியதும் பார்வை இழந்தார். தவறு அவருடையதுதான், பெரிய புராணம் பாடிய சேக்கிழார் அதை மறைக்கவில்லை. ஆனால் சுந்தரர் ஒதுங்கி உட்காரவில்லை. கோயில் கோயிலாகப் போய்ச் சிவனிடம் உரிமையோடு கேட்டார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றொரு கண். பாவத்தைக் கணக்குப் பார்த்து எதுவும் மறுக்கப்படவில்லை.

2024 ஆகஸ்டில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஓர் ஆன்மிகப் பேச்சாளர், உடற்குறைக்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்று மாணவர்களிடம் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேட்டார். செப்டம்பரில் பேச்சாளர் கைதானார். கைதால் அந்த நம்பிக்கை கரைந்துவிடாது. "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்ற சொல்லைக் கேட்காத, உடற்குறையுள்ள குழந்தையின் தாய் தமிழ்நாட்டில் அபூர்வம். வினையை மனதார நம்புகிறவரும் சுந்தரர் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். குறை எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. அந்தக் குழந்தைக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை தெரியும்வரை இரண்டாவதைத் தள்ளிப்போட எந்த மதமும் அனுமதி தரவில்லை.

அந்தக் கடனுக்குப் பெயர் ஒப்புரவு. வள்ளுவர் அதை ஓர் அதிகாரத்திலும் ஈகையை அடுத்த அதிகாரத்திலும் வைத்தார். சிறப்புக் கல்விக்கு அரசு தரும் பணம் ஈகை அல்ல. ஊரோடு ஒத்து வாழ்வதால் வரும் கடமை, ஒப்புரவு. அதற்கான ஓலையும் இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாக எழுதிவைத்திருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாற்றுத்திறன் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்பது விதி. நாளுக்குப் பத்து ரூபாய்கூட வராது. அதிலும் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40.

தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது; 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கல்விக் கொள்கையில் இரு அரசுகளும் எவ்வளவு வேண்டுமானாலும் மோதட்டும். ஒரு குழந்தைக்கு உரியதைப் பேரத்தில் பணயமாக வைப்பது அநீதி.

விழுப்புரம் மாவட்டத்து ஒலக்கூர், மயிலம் போன்ற ஒன்றியங்களில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் சிறப்புப் பயிற்றுநராகவும் இயன்முறை மருத்துவராகவும்தான் வீட்டு வாசலுக்கு வருகிறது. பள்ளிக்கு வர முடியாத பிள்ளையின் காலை நீட்டி மடக்கப் பழக்குபவர்கள் அவர்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு அந்தப் பயிற்சி சில மாதம் விட்டுப்போனாலே தசை இறுகத் தொடங்கிவிடும்.