வைஸுக்கு எதற்குக் குங்குமம்?

ஆயுத பூஜையன்று தச்சுப் பட்டறையில் உளிக்கும் இழைப்புளிக்கும் சந்தனம் வைப்பதைப் புரிந்துகொள்வது எளிது. அவை வெட்டுகின்றன, சீவுகின்றன, வீட்டுக்குச் சோறு போடுகின்றன. வேலை மேசையின் ஓரத்தில் முடுக்கியிருக்கும் வைஸுக்கும் ஏன் பொட்டு வைக்கிறார்கள் என்பதுதான் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி. வைஸ் எதையும் வெட்டாது, எதற்கும் உருவம் கொடுக்காது. மரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே அதன் வேலை. மூலமட்டம், அரம், கொட்டாப்புளி, காதில் செருகும் பென்சில், சீவல் பெருக்கும் விளக்குமாறு என்று எல்லாவற்றுக்கும் அன்றைக்கு ஒரே வரிசை, ஒரே குங்குமம். ஆற்றலுள்ள பொருளைக் கண்டு அஞ்சி வணங்குவதே கருவி வழிபாடு என்பவர்கள் இந்த வரிசையை விளக்கியாக வேண்டும். விளக்குமாற்றைக் கண்டு யார் அஞ்சினார்கள்? பொருளுக்குள் தெய்வம் குடியிருப்பதாக நம்பினால்தான் இந்தப் பூஜைக்கு அர்த்தம் உண்டு என்றும் நான் நினைக்கவில்லை. வேலை நடக்கும்போது கண்ணில் படாமல் போய்விடும் ஒன்றை, வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பதே இந்தப் பூஜையின் உயிர். அந்தப் பார்வை இருக்கும்வரை அது அறிவுக்கு ஒத்த செயல் என்பதே இங்கே என் வாதம்.

ஜெர்மானியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட ‘இருத்தலும் காலமும்’ என்ற நூலில் சுத்தியலை வைத்து ஓர் ஆழமான கருத்தைச் சொல்கிறார். ஆணி அடிப்பவனின் கவனம் முழுவதும் செய்யும் வேலையில் இருக்கிறது. கையில் இருக்கும் சுத்தியல் அவனுக்குத் தெரிவதே இல்லை. அது உடைந்தால், தேடும்போது கிடைக்காவிட்டால், அல்லது குறுக்கே கிடந்து இடைஞ்சல் செய்தால் மட்டுமே ஒரு பொருளாக முன்னால் வந்து நிற்கிறது. தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இழைப்புளி நன்றாக ஓடும்போது கை மரத்தின் மேடுபள்ளத்தைத்தான் உணர்கிறது, இழைப்புளியை அல்ல. வைஸ் இன்னும் மோசம்: திருகின் மரை தேய்ந்து, பிடித்த கட்டை நழுவும் நாள்வரை அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. ஹைடெக்கர் சொல்லும் மூன்று வழிகளுமே ஏதோ ஒரு தடங்கல்தான். தடங்கலே இல்லாமல் கருவி தன்னைக் காட்டிக்கொள்ள நான்காவதாக ஒரு வழி உண்டு. நவமியன்று கருவிகளைத் துடைத்து அடுக்கி வைத்துவிட்டால் விஜயதசமிவரை எடுப்பதில்லை. கருவி பழுதில்லாமல் இருக்கிறது, வேலை காத்திருக்கிறது, ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், ஆனாலும் தொடுவதில்லை. உடையாமலேயே கருவி கண்ணுக்குத் தெரியும் ஒரு நாளை இப்படி நாட்காட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

அப்படிப் பார்க்கும்போது என்னதான் தெரிகிறது? உளியைத் தீட்டுவதையே எடுத்துக்கொள்வோம். எண்ணெய்க்கல்லில் உளியின் சரிவைச் சாய்வு மாறாமல் தேய்க்கத் தேய்க்க, முதுகுப் பக்கத்தில் மெல்லிய பிசிர் ஒன்று எழும். கண்ணுக்கு அகப்படாத அது கட்டைவிரலுக்கு அகப்படும். முதுகைக் கல்லில் படிய வைத்து அதை எடுத்துவிட்டு, உளியின் வாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மழுங்கிய வாயில் மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக்கோடு மின்னும். எவ்வளவு குறுகலாக இருந்தாலும் மழுக்கம் என்பது ஒரு பரப்பு. பரப்பு இருந்தால் அது ஒளியைத் திருப்பி அனுப்பும். கூர் சரியாக ஏறிவிட்டால் அந்தக் கோடு மறைந்துவிடும். குறைதான் கண்ணுக்குத் தெரியும், நிறைவு தெரியாது. ஆகவே நிறைவைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று உட்கார்ந்து தேட வேண்டியிருக்கிறது. பூஜைக்கு முந்தைய சுத்தப்படுத்தலில் பட்டறை செய்வது அதுதான்: வைஸின் திருகில் படிந்த தூசியை வழித்து எண்ணெய் விடுவது, தாடையில் நசுங்கிப்போன மரப்பட்டையை மாற்றுவது, இழைப்புளியின் அடிப்பலகை மட்டமாக இருக்கிறதா என்று மூலமட்டத்தை வைத்துப் பார்ப்பது. இதைப் பராமரிப்பு என்றும் சந்தனம் இடுவதைப் பக்தி என்றும் இரண்டாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தப் பார்வை பழையது. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் ‘வாசிஜட சுத்த’ என்று ஒரு சிறிய போதனை இருக்கிறது. தச்சனுடைய வாய்ச்சியின் பிடியில் விரல்களும் கட்டைவிரலும் பதிந்த தடம் தெரிகிறது. இன்று எவ்வளவு தேய்ந்தது, நேற்று எவ்வளவு தேய்ந்தது என்று தச்சனுக்குத் தெரியாது. தேய்ந்தபின் தேய்ந்துவிட்டது என்று மட்டும் தெரியும். பயிற்சி செய்யும் துறவியின் மனமாசுகளும் அப்படித்தான் தேய்கின்றன என்கிறார் புத்தர். பழகுகிறவனுக்குத் தன் பழக்கத்தின் அளவு தெரியாது என்பதையும், அதை அவன் கைப்பட்ட மரக்கட்டை பதிந்து வைத்திருக்கிறது என்பதையும் இவ்வளவு நேராகச் சொன்ன இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

நம் பழைய தச்சு முறையில் இந்தப் பார்வைக்கு இன்னொரு சான்றும் உண்டு. மேசையும் வைஸும் பரவுவதற்கு முன்பு தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்து உளியை ஓட்டினார்கள். இன்றும் பல இடங்களில் அப்படிச் செய்பவர்கள் உண்டு. அங்கே பாதம்தான் வைஸ். அதே ஆள் எழுந்து நடக்கும்போது உளியில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இது முரண்பாடு என்று தோன்றலாம். காலால் பிடிப்பது கவனம், கால் படுவது கவனக்குறைவு. அவர் மன்னிப்புக் கேட்டது தீட்டுக்காக என்றால் காலடியில் கட்டையை வைத்தபோதே கேட்டிருக்க வேண்டும். பார்க்காமல் நடந்ததற்காகக் கேட்கிறார்.

மறுப்புகள் உண்டு, லேசானவை அல்ல. முதல் மறுப்பு படைத்தவனை விட்டுப் படைப்பை வணங்குவதைப் பற்றியது. விவிலியத்தில் ஏசாயா 44ஆம் அதிகாரம் ஒரு தச்சனையே கூண்டில் ஏற்றுகிறது. அவன் நூல் பிடிக்கிறான், கவராயத்தால் வரைகிறான், உருவம் செதுக்குகிறான். அதே மரத்தின் ஒரு பாதியை எரித்துக் குளிர்காய்ந்து அப்பம் சுட்டுவிட்டு, மறுபாதியின் முன்னால் விழுந்து என்னைக் காப்பாற்று என்கிறான். கூர்ந்து வாசித்தால், நின்று யோசிக்கவில்லை என்பதே அவன்மேல் தீர்க்கதரிசி வைக்கும் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கிறேன். வைஸிடம் காப்பாற்று என்று கேட்பவருக்கு அது அப்படியே பொருந்தும். நின்று யோசிப்பதற்காகவே வைத்த நாளுக்குப் பொருந்தாது. குங்குமம் வைக்க மனம் ஒப்பாத கிறிஸ்தவத் தச்சரோ இஸ்லாமியத் தச்சரோ தம் கருவியை ஒழுங்காகத் தீட்டிப் பார்த்து வைத்திருந்தால், வழிபாட்டின் உள்ளீடு அவர்களிடம் முழுதாக இருக்கிறது. அப்படியானால் சடங்கு எதற்கு என்று கேட்கலாம். விருப்பத்துக்கு விட்ட கவனம் அவசர வேலை வந்ததும் தள்ளிப்போகும். நாள் குறித்த சடங்கு தள்ளிப்போகாது. கூர் இல்லாத, யாரும் நினைக்காத வைஸையும் அது விட்டுவிடாது.

பகுத்தறிவு இயக்கத்தார் எழுப்பிய மறுப்பு இதைவிடக் கூரானது. கருவியை வணங்காத நாடுகள் கருவிகளைக் கண்டுபிடித்தன, வணங்கிய நாம் அவற்றை வாங்கிப் பொட்டு வைத்தோம் என்றார்கள். உண்மைதான். இன்று பட்டறைகளில் புழங்கும் இரும்பு இழைப்புளியின் அமைப்பு, அமெரிக்காவில் லெனார்ட் பெய்லி 1860களில் காப்புரிமை பெற்றவற்றின் வழிவந்தது. பூஜை எதையும் கண்டுபிடித்துத் தராது. ஆனால் கண்டுபிடிப்பு தொடங்கும் இடம், கருவியில் என்ன போதவில்லை என்று ஒருவர் நிறுத்திப் பார்க்கும் இடம். அந்த இடத்தை ஆண்டுதோறும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, பொரியும் கடலையும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனது நம் தவறு. பூஜையை விட்டுவிட வேண்டும் என்பதற்கு இது காரணமாகாது. அதைப் பாதியில் விட்டோம் என்பதற்குச் சாட்சியாகும்.

எனக்கு மிகக் கனமாகத் தோன்றுவது சாதி பற்றிய மறுப்பு. கருவி புனிதம் என்றதும், அதைப் பிடிக்கப் பிறந்த கையும் பிடிக்கக் கூடாத கையும் உண்டு என்ற பேச்சு பின்னாலேயே வந்துவிடுகிறது. ஆனந்த குமாரசுவாமி 1909இல் இந்தியக் கைவினைஞர் பற்றி எழுதிய நூலில் பரம்பரைத் தொழில்முறையைப் போற்றினார். கலையை அவர் நேசித்தது மெய். அந்த முறைக்குள் அடைபட்டவரின் மூச்சுத்திணறலை அவர் போதிய அளவு கேட்கவில்லை. 1953இல் ராஜாஜி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பெற்றோரின் தொழிலில் கழிக்கும்படி திட்டம் கொண்டுவந்தபோது, அது குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு மறு ஆண்டே கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. உளி பிடிப்பதை இழிவு என்று அவர்கள் எதிர்க்கவில்லை. தகப்பன் பிடித்தார் என்பதற்காக மகன் பிடித்தாக வேண்டும் என்பதை எதிர்த்தார்கள். நான் மேலே சொன்ன விளக்கம் சரியென்றால், கருவியை மதிப்பதற்குப் பிறப்பு ஒரு தகுதியாகவே வராது. வாய்ச்சியின் பிடியில் விழுவது பழகிய விரலின் தடம், கோத்திரத்தின் தடம் அல்ல. தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவில் சேரும் எந்தப் பெண்ணுக்கும் எந்தச் சாதிப் பிள்ளைக்கும் அந்தத் தடம் விழும். வைஸுக்குச் சந்தனம் வைத்துவிட்டு, அதில் கட்டையை மாட்டும் கூலியாளை வாசலோடு நிறுத்தும் பட்டறையில் நடப்பதைப் பூஜை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சங்கடத்துக்கு மட்டும் என் வாதத்தில் முழு விடை இல்லை. பல்லைக் கடினமாக்கி விற்கும் ரம்பங்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன. அவை நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மழுங்கினால் அரம் ஏறாது, தூக்கித்தான் எறிய வேண்டும். தீட்ட முடியாத கருவியில் பார்ப்பதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதற்கும் பொட்டு வைக்கிறார்கள், வைக்கட்டும். எறியப் போகும் ரம்பத்தைவிட, அடுத்த ஆண்டும் அதே மேசையில் இருக்கப்போகும் வைஸின் திருகுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவதில்தான் எனக்கு அந்த நாளின் பொருள் அதிகம் தெரிகிறது.